அரையடி விலகல்

நாமக்கல்,
1.9.2025

தமிழ்ச்செல்விக்கு,

நீ ஜப்பானுக்கு நலமாகச் சென்று சேர்ந்தாய் என்பதை மாப்பிள்ளை சபரிநாதன் அனுப்பிய குறுஞ்செய்தியால் அறிந்தேன். அதை நீ தெரிவித்திருக்க வேண்டும். நான் அழைத்தபோதெல்லாம் யுவஸ்ரீதான் எடுத்தாள். "அம்மா தூங்குதுங்கப்பா" என்றாள். அங்கே அப்போது நண்பகல். பொய் சொல்லும் பழக்கம் நம் மகளுக்கு இதற்கு முன் இருந்ததில்லை என்பதை மட்டும் இங்கே குறிப்பிடுகிறேன்.

மகளின் கைப்பேசியில், அவள் காதுபட, கணவனும் மனைவியும் வழக்காடுவது முறையன்று. ஆகவே கடிதம். நீயும் கடிதமாகவே பதில் எழுதலாம்.

எருமப்பட்டியில் உன் தந்தையார் நாச்சிமுத்து அவர்களின் உடலை எடுத்த அன்று நடந்ததைப் பற்றி நீ இன்றுவரை என்னிடம் வாய் திறக்கவில்லை. பேசாமலேயே இரண்டு மாதம் சமைத்துப் போட்டாய். பேசாமலேயே மகளின் பேறுகாலத்துக்கென்று விமானம் ஏறிவிட்டாய். எனவே நடந்ததை நடந்தபடி நான் எழுதுகிறேன்.

பாடையைத் தூக்கும் நேரத்தில், பெண்கள் அமர்ந்திருந்த பக்கத்திலிருந்து எழுந்து, ஆண்கள் நின்ற பந்தலுக்குள் நீ ஓடிவந்தாய். அங்கே எங்கள் பள்ளியின் தாளாளர் நின்றிருந்தார். சக ஆசிரியர்களும் மாணவர்களின் பெற்றோரும் நின்றிருந்தார்கள். அவர்கள் நடுவே நீ என் தோளில் சாய வந்தாய். நான் அரையடி விலகினேன். தள்ளவில்லை, விலகினேன். நீ நிலைதடுமாறிப் பந்தல்காலில் நெற்றி மோதி விழுந்தாய். உன்னை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றவனும், தையல் போட்டு முடியும்வரை வெளியே நின்றவனும் நானே.

நான் ஒரு பள்ளியின் துணை முதல்வர். ஒழுக்கக் குழுவின் பொறுப்பாளர். மாணவர்களுக்கு ஒரு படிக்கட்டு, மாணவியருக்கு ஒரு படிக்கட்டு என்று விதி எழுதியவன். அந்த விதிக்காகவே புதுச்சத்திரத்திலிருந்தும் ஆத்தூரிலிருந்தும் பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்க்கிறார்கள். அந்தப் பெற்றோர் கண் முன்னால் நானே அதை மீறுவது எப்படி?

நீ சென்றிருக்கும் நாட்டைப் பற்றிப் பள்ளி நூலகத்தில் ஒரு நூல் எடுத்து வாசித்தேன். அங்கே கணவனும் மனைவியும் பொது இடத்தில் தழுவிக்கொள்வதில்லை. ரயில் நிலையத்தில் பிரியும் தாயும் மகனும்கூடக் குனிந்து வணங்கியே விடைபெறுகிறார்கள். அன்பு குறைந்தவர்கள் என்று அவர்களை யாரும் சொல்வதில்லை. பண்பட்டவர்கள் என்றே உலகம் சொல்கிறது. நீயே கண்ணால் பார்த்துவிட்டு, நான் செய்தது தவறா என்று எழுது.

மணிமாறன்


ஹமாமட்சு,
13.9.2025

மாமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நானே பிரித்து நானே படித்தேன். பத்தாம் வகுப்போடு நின்றவள், உங்களைப் போல் அடுக்கி எழுத வராது.

நீங்கள் படித்தது சரிதான். வந்த நாளிலிருந்து பார்க்கிறேன், இங்கே ஒருவரை ஒருவர் தொடுவதில்லை. யுவஸ்ரீயும் மாப்பிள்ளையும் வீட்டுக்குள் ஒரே தட்டில் சாப்பிடுகிறார்கள். கதவைத் தாண்டினால் ஒரே ஆபீசில் வேலை செய்கிறவர்கள் போல இடைவெளி விட்டு நடக்கிறார்கள். நிறைமாத வயிற்றோடு படியிறங்குகிறவள் சுவரோரக் கம்பியைத்தான் பிடிக்கிறாள். மாப்பிள்ளை ஒரு படி முன்னால் இறங்குகிறார். தொடுவதில்லை, ஆனால் அவள் சாய்ந்தால் தாங்குகிற தூரம்.

"ஏஞ்சாமி, அவரு கையப் புடிச்சுக்க வேண்டீதுதானே" என்று கேட்டேன்.

"இங்க அப்புடியில்லம்மா. புடிச்சா ஆரும் ஒண்ணுஞ் சொல்ல மாட்டாங்க. ஆனா ஆரும் புடிக்க மாட்டாங்க."

"அப்ப இது உங்கப்பனுக்குன்னே கட்டுன ஊரு" என்றேன். சிரித்தாள். சிரித்துக்கொண்டே என் நெற்றித் தழும்பைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ரயில் நிலையத்தில் ஒரு வயதான அம்மாள் தன் மகனை வழியனுப்பினாள். தூர தேசத்துக்குப் போகிறவன் போல. பெரிய பெட்டி இருந்தது. அவன் குனிந்தான், இவள் குனிந்தாள். ரயில் போன பிறகும் இவள் குனிந்தபடியே நின்றாள். ஆமாம், தொடாமலும் அன்பு இருக்கிறது. ஒத்துக்கொள்கிறேன்.

இன்னொன்றும் பார்த்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு சாயங்காலம் ஆற்றோர நடைபாதையில் ஒரு பெண்ணும் பையனும் கட்டிப்பிடித்து நின்றார்கள். பெண் அழுதுகொண்டிருந்தாள். எனக்குத்தான் உடம்பு கூசியது. எதிரே வந்த பெரியவர் ஆற்றைப் பார்த்துக்கொண்டே போனார். நாயோடு வந்த அம்மாள் நாயைப் பார்த்துக்கொண்டே போனாள். பார்க்காமல் இருப்பதுதான் இவர்கள் காட்டுகிற மரியாதை போலிருக்கிறது. நம் ஊரில் அந்த மரியாதை கிடையாது. நீங்களும் உங்கள் ஒழுக்கக் குழுவும் பார்ப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிறீர்கள்.

தையல் போடும்வரை வெளியே நின்றதாக எழுதியிருக்கிறீர்கள். ஏன் வெளியே நின்றீர்கள் என்று எழுதவில்லை. "சார், மரத்துப்போற ஊசி இன்னும் புடிக்கலீங்க, அக்கா கையக் கொஞ்சம் புடிச்சுக்குங்க" என்று நர்ஸ் உங்களிடம் சொன்னாள். நீங்கள் கதவுப் பக்கம் பார்த்தீர்கள். அங்கே நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். உடனே வெளியே போய்விட்டீர்கள். என் கையைப் பிடித்துக்கொண்டவள் அந்த நர்ஸ்.

தமிழ்ச்செல்வி


நாமக்கல்,
27.9.2025

தமிழ்ச்செல்விக்கு,

பேத்தி பிறந்த செய்தியை மாப்பிள்ளை படத்தோடு அனுப்பினார். தாயும் சேயும் நலம் என்பதில் மகிழ்ச்சி. பள்ளியில் அனைவருக்கும் இனிப்பு வழங்கினேன்.

உன் கடிதத்தில் நீ ஒப்புக்கொண்ட பகுதி மிக நேர்மையானது. அதைப் பாராட்டுகிறேன். அந்தத் தாயும் மகனும் குனிந்து விடைபெற்றதைக் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் மாணவர்களுக்கு வாசித்துக் காட்டினேன். "ஜப்பானுக்குச் சென்றுள்ள என் உறவினர் ஒருவர் எழுதியது" என்று சொல்லி வாசித்தேன். உன் பெயரைச் சொல்லவில்லை. ஆற்றங்கரைப் பகுதி மாணவர்களுக்கு ஏற்றதன்று என்பதால் விட்டுவிட்டேன். உடற்கல்வி ஆசிரியர் ரமேஷ்குமார், "சப்பான்காரனே தொடாம இருக்கறானாமா, இவனுகளுக்கென்னங்க சார் கேடு!" என்று சொல்லிச் சிரித்தார். தாளாளரும் அதை எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்.

மருத்துவமனையில் நான் வெளியே நின்றதற்குக் காரணம் கேட்டிருக்கிறாய். அந்த நால்வரில் இருவர் எங்கள் பள்ளிப் பேருந்தின் ஓட்டுநர்கள். இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை என்று கருதுகிறேன்.

இருபத்தாறு ஆண்டுகளில், நான்கு சுவர்களுக்குள் நான் உனக்கு எதில் குறை வைத்தேன்? வெளியே கட்டுப்பாடு, உள்ளே உரிமை என்பதே என் நெறி. கட்டிலில் உன் பக்கத்து விரிப்பு நீ மடித்துவைத்தபடியே இருக்கிறது. கலையாததால் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

விடுதியிலிருந்து இரவு உணவு வருகிறது. உப்பு அதிகம்.

நவம்பரில் உன் விசா முடிகிறது. எந்த விமானம், எந்த நேரம் என்பதைத் தெரிவி.

மணிமாறன்


ஹமாமட்சு,
12.10.2025

மாமாவுக்கு,

நான் உங்களுக்கு எழுதியதை மைக் வைத்து ஊருக்குப் படித்திருக்கிறீர்கள். உங்கள் தோளில் நான் சாய்ந்தால் ஊர் பார்க்கிறது என்று கூச்சம். என் கடிதத்தைப் பள்ளிக்கூடமே கேட்கலாம், அதில் கூச்சமில்லை. அதுவும் மனைவி எழுதியது என்று சொல்லவில்லை. உறவினர் ஒருவர்.

நான்கு சுவர்களைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். போன வருடம் எனக்கு டெங்கு வந்தபோது என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தீர்கள். தொடுவதற்கு முன்னால் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினீர்கள். காய்ச்சலில் எனக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்தீர்கள்.

இதையெல்லாம் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். இங்கே நான் ஒரு தப்புப் பண்ணிவிட்டேன். அதை யாரிடமாவது சொல்ல வேண்டும். மகளிடம் சொல்ல முடியாது, அவளே கோபத்தில் இருக்கிறாள்.

பக்கத்து வீட்டில் ஒகாபே என்று ஒரு அம்மாள். அறுபதுக்கு மேல் இருக்கும். குழந்தை பிறந்ததும் கம்பளித் தொப்பி பின்னிக் கொடுத்தவர். போன வாரம் அவருடைய வீட்டுக்காரர் இறந்துவிட்டார். யுவஸ்ரீ பச்சை உடம்புக்காரி, போகக்கூடாது. மாப்பிள்ளையோடு நான் போனேன். போகும்போதே மாப்பிள்ளை தலைபாடாகச் சொன்னார்: "அத்தைங்க, அங்க ஆரையும் தொடக்கூடாதுங்க. அழுகக்கூடாதுங்க. நான் குனிஞ்சா நீங்களும் குனியுங்க, அவ்வளவுதான்." சரி சரி என்றேன்.

கறுப்பு உடுத்தி எல்லோரும் வரிசையாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். சத்தமில்லை. பிரேதம் பெட்டிக்குள், பூவுக்கு நடுவில். ஒருவர் பின் ஒருவராகப் போய் ஊதுபத்திப் பொடி போட்டுவிட்டு, ஓரமாக நிற்கிற குடும்பத்தாரைப் பார்த்துக் குனிந்துவிட்டு வந்தார்கள். எனக்கு முறை வந்தது. குனிந்தேன். நிமிர்ந்து ஒகாபே அம்மாளின் முகத்தைப் பார்த்தேன். அவ்வளவுதான் தெரியும். நம் ஊரில் எழவு வீட்டுக்குள் நுழைந்ததும் பெண்கள் செய்வதைச் செய்துவிட்டேன். அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "நீயும் இப்புடி நின்னுட்டயே ஆயா" என்று ஓவென்று அழுதேன். யாருக்காக அழுதேன் என்று கேட்காதீர்கள். எங்கப்பனுக்கு நான் அன்றைக்கு அழுது முடிக்கவில்லை.

அந்த அம்மாள் மரம் மாதிரி நின்றார். கை இரண்டும் தொங்கியபடி இருந்தன. கூடத்தில் ஒருவரும் நிமிரவில்லை. மாப்பிள்ளைதான் முந்தானையைத் தொட்டு, "அத்தைங்க, போதுமுங்க, வாங்க" என்று கெஞ்சிய பிறகு எனக்கு நினைவு வந்தது. அந்த அம்மாள் ஒரு முறை குனிந்தார். நானும் குனிந்தேன். அவருடைய கறுப்புச் சட்டையில் என் கண்ணீர் ஈரமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் யுவஸ்ரீ கத்தினாள். "ஏம்மா இப்புடிப் பண்ணுன? நாளைக்கு அவிய மொகத்துல நாங்க எப்புடி முழிக்கறது?" மாப்பிள்ளை, "போச்சாது உடு யுவா" என்றார். எனக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த நாள் படிக்கட்டில் அந்த அம்மாளைப் பார்த்தேன். எப்போதும்போலக் குனிந்தார், கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

கோயம்புத்தூருக்கு நவம்பர் 15 காலையில் வந்து இறங்குகிறேன்.

தமிழ்ச்செல்வி


நாமக்கல்,
22.10.2025

தமிழ்ச்செல்விக்கு,

உன் கடிதத்தை இருமுறை வாசித்தேன். உன் வருத்தம் எனக்கு வருத்தமே. ஆயினும், நீ அறியாமலேயே என் வழக்கை எனக்காக நீயே வாதாடி முடித்திருக்கிறாய் என்பதைச் சொல்லாமல் இருக்க இயலவில்லை.

ஓர் இடத்தின் முறையை மீறி ஒருவரைத் தழுவினால் தழுவப்பட்டவருக்கு என்ன நேர்கிறது என்பதை இப்போது நீ கண்டாய். அந்த அம்மையார் உறைந்து நின்றார். மாப்பிள்ளை தலைகுனிந்தார். மகள் வெளியே முகம் காட்ட அஞ்சினாள். இந்தச் சங்கடங்கள் அனைத்தையும் எருமப்பட்டிப் பந்தலில் நான் ஒருவனே பட்டேன். ஒகாபே அம்மையாரின் நிலையில் என்னை வைத்துப் பார். அவருடைய கைகள் உன்னை அணைக்கவில்லை. என் கைகளும் அணைக்கவில்லை. அவரை நீ குற்றம் சொல்லவில்லை. என்னை மட்டும் ஏன் சொல்கிறாய்?

ஜன்னலைப் பற்றி: எதிர்வீட்டு மாடியில் பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள்.

இந்தக் கணக்கு இத்துடன் தீர்ந்தது என்று கொள்கிறேன். பதினைந்தாம் தேதி நான் விமான நிலையத்துக்கு வருகிறேன். வீட்டைச் சுத்தம் செய்யச் சொல்லியிருக்கிறேன்.

மணிமாறன்


ஹமாமட்சு,
2.11.2025

மாமாவுக்கு,

நீங்கள் இப்படித்தான் எழுதுவீர்கள் என்று தெரிந்தேதான் அதை எழுதினேன். எழுதிவிட்டு மூன்று வாரம் காத்திருந்தேன், ஒருவேளை வேறு மாதிரி எழுதுவீர்களோ என்று.

அவருடைய கையும் அணைக்கவில்லை, உங்கள் கையும் அணைக்கவில்லை. வாஸ்தவம். ஆனால் அவர் நகரவில்லை மாமா.

நான் கனமான பொம்பளை. அழும்போது முழு பாரத்தையும் அவர் மேல் போட்டேன். அவர் என் தோள் உயரம்கூட இல்லை. பாஷை தெரியாது. பிறந்ததிலிருந்து வெளி ஆள் ஒருவர் அவரைத் தொட்டிருக்கிறாரோ என்னவோ. செத்துக் கிடக்கிறவர் அவருடைய புருசன். சொந்தம், ஆபீஸ்காரர், ஊர்க்காரர் அத்தனை பேரும் இருக்கிற இடம். அவர் அரையடி விலகியிருந்தால் நான் அந்தப் பெட்டி மேல் விழுந்திருப்பேன். அது அவருக்குத் தெரியும். காலை ஊன்றி நின்றுகொண்டார். நான் அழுது முடிக்கிறவரை நின்றார். முறை தெரிந்தவர்கள் அப்படித்தான் நிற்பார்கள் என்று அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன்.

உங்களை நான் அணைக்கச் சொன்னேனா? கையைத் தூக்கவே வேண்டாம். நின்றிருந்தால் போதும். எங்கப்பனைத் தூக்குகிற நேரத்தில் சாய்வதற்கு ஒரு தூண் கேட்டேன். பந்தல்கால் நின்றது, நீங்கள் நிற்கவில்லை. கீழே விழுந்து கிடந்தபோது குனிந்து என் காதில் ஒன்று சொன்னீர்கள், அதை உங்கள் கடிதத்தில் எழுத விட்டுவிட்டீர்கள். "ஊரே பாக்குது, எந்திரி."

ஒன்று கேட்கிறேன். இதுதான் கடைசி. பதினைந்தாம் தேதி வெளியே வருகிற வாசலில் நில்லுங்கள். நான் வந்ததும் என் கையைப் பிடித்துக் கார்வரை கூட்டிப்போங்கள். கட்டிப்பிடிக்க வேண்டாம், சிரிக்க வேண்டாம், பேசக்கூட வேண்டாம். கையை மட்டும் பிடியுங்கள். பிடித்தால் நாமக்கல்லுக்கு வருகிறேன், இந்தப் பேச்சை என் ஆயுசுக்கும் எடுக்க மாட்டேன். இல்லையென்றால் என் தம்பி குணசீலன் காரோடு வெளியே இருப்பான். எருமப்பட்டிக்குப் போய்விடுவேன். பிறகு வந்து கூப்பிட வேண்டாம்.

இதற்குப் பதில் எழுதினால் வந்து சேர நேரமிருக்காது. எழுத வேண்டாம், வாருங்கள்.

தமிழ்ச்செல்வி


நாமக்கல்,
17.11.2025

தமிழ்ச்செல்விக்கு,
(குணசீலன் வீடு, எருமப்பட்டி)

பதினைந்தாம் தேதி நடந்ததைப் பற்றி நீ தவறான முடிவுக்கு வந்திருக்கிறாய். ஆகவே இதை எழுதுகிறேன்.

உன் நிபந்தனையை ஏற்றுக்கொண்டே நான் வந்தேன். ஏற்பது எனக்கு எளிதாக இருக்கவில்லை. பெட்டிகளை நான் வாங்கிக்கொள்வது, காருக்குள் ஏறியபின் கையைப் பிடிப்பது என்று மாற்று வழிகளை எல்லாம் எண்ணிப் பார்த்து, நீ அவற்றை ஏற்கமாட்டாய் என்று நானே தள்ளுபடி செய்தேன். விடியும் முன் புறப்பட்டேன். வாசலில், தடுப்புக் கம்பியை ஒட்டி, முன்வரிசையில் நின்றேன். உள்ளங்கை வியர்த்ததால் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டேன். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆயினும் எழுதுகிறேன்.

தள்ளுவண்டியோடு நீ வெளியே வந்தாய். மெலிந்திருந்தாய். நான் கம்பியைக் கடந்து வந்து வலது கையை நீட்டினேன். இதை நீ பார்த்தாயா என்று எனக்குத் தெரியவில்லை. பார்க்கவில்லையென்றால் என் சொல்லை நம்பவேண்டும்.

அந்த நொடியில், "வணக்கமுங்க சார்! நீங்க எங்கீங்க இந்தப் பக்கம்?" என்று ஒரு குரல். திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள் வைத்திருப்பவர். பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தந்தை. மனைவியோடும் தாயாரோடும் நின்றிருந்தார். வணங்கியவருக்கு மறுவணக்கம் செய்யாமல் இருக்க இயலாது. வணங்குவதற்கு இரண்டு கைகளும் வேண்டும்.

"புள்ளைக்கு ஹாஸ்டல்ல ரூமு மாத்தித் தாறன்னீங்களேங்க சார்" என்று அவர் தொடங்கினார். அவர் பேசி முடிக்கும்வரை நீ சற்று ஓரமாக நில் என்று கண்ணால் காட்டினேன். அது அவமதிப்பன்று. வழியை மறித்து நிற்கக்கூடாது என்பதற்காகவே. அவர் விடைபெற்றதும் திரும்பினேன். நீ நின்ற இடத்தில் வேறு யாரோ நின்றார்கள். குணசீலனின் கார் நகர்வது தெரிந்தது. அதன் பின்னால் ஓடுவது எனக்குத் தகாது என்பதால் நின்றுவிட்டேன்.

நிபந்தனையை நான் மீறவில்லை. நிறைவேற்றும்போது இடையூறு நேர்ந்தது. இரண்டும் வெவ்வேறு. எனவே வரும் ஞாயிற்றுக்கிழமை எருமப்பட்டிக்கு வருகிறேன். குணசீலன், அவன் மனைவி பிரபா ஆகியோர் முன்னிலையில் உன் கையைப் பிடித்துக் கார்வரை அழைத்துவர ஒப்புக்கொள்கிறேன். அவர்கள் குடும்பத்தினர் என்பதால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

மணிமாறன்


எருமப்பட்டி,
20.11.2025

மாமாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். குணசீலன் சனிக்கிழமை அந்தப் பக்கம் வருகிறான். என் துணிமணிகளை அவனிடம் கொடுத்துவிடுங்கள். பாத்திரங்கள் இருக்கட்டும். யுவஸ்ரீக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், நீங்கள் விளக்க வேண்டாம்.

நீங்கள் கையை நீட்டியதைப் பார்த்தேன். பார்க்கவில்லையோ என்று சந்தேகப்பட வேண்டாம். தள்ளுவண்டியை விட்டு நானும் கையை எடுத்துவிட்டேன்.

இருபத்தாறு வருடமாக உங்களுக்காக நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். சிலருக்கு நீச்சல் வராது, சிலருக்குப் பாட்டு வராது, இந்த மனுசனுக்கு இது வராது, பிறவியே அப்படி என்று. ஆஸ்பத்திரியில் நர்ஸ் கையைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தபோதும் அதைத்தான் சொல்லிக்கொண்டேன். அந்தச் சமாதானத்தை வைத்துக்கொண்டு சாகும்வரை உங்களோடு இருந்திருப்பேன். கோயம்புத்தூருக்கு நீங்கள் வராமலே இருந்திருந்தாலும், என்றைக்காவது ஒரு நாள் நானே பஸ் ஏறி வந்திருப்பேன்.

ஆனால் உங்களுக்கு வருகிறது மாமா. உங்கள் கை என் முழங்கைக்குப் பக்கத்தில்வரை வந்தது. யாரைப் பார்த்ததும் அதைத் திருப்பி எடுத்துக்கொண்டீர்கள் என்பதையும் நின்று பார்த்தேன். இனி எதைச் சொல்லி என்னைச் சமாதானப்படுத்திக்கொள்வது?

தமிழ்ச்செல்வி